வாந்தியை எண்ணிக்கொண்டிருந்தோம்

எங்க வீட்டு லாப்ரடாருக்கு லிம்ஃபோமா என்று தெரிந்ததும் மருத்துவமனையில் ஒரு பக்கக் குறிப்புச்சீட்டு கொடுத்தார்கள். வின்கிரிஸ்டின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு, டாக்ஸோரூபிசின் மூன்றுக்கும் ஒரே சீட்டு. வாந்தி, பேதி வரலாம், பெரும்பாலும் லேசாகத்தான் இருக்கும் என்பது அதன் சாரம். பொய்யில்லை. இருக்கிற நாட்கள் நல்லபடியா போகணும்னு பார்த்துத்தான் நாய்களுக்கு டோஸே தீர்மானிக்கிறார்கள். என் குறை வேறு: கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் அந்தச் சீட்டு கவனிக்கச் சொல்கிறது.

வாந்திக்கு மரோபிடன்ட் மாத்திரை தந்திருந்தார்கள். அதைப் பற்றி இரண்டு ஆய்வுகளை வாசித்தேன். 2010இல் வந்தது, டாக்ஸோரூபிசின் போட்ட நாய்களுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்து, மருந்தில்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டது. வாந்தி தெளிவாகக் குறைந்தது. 2014இல் வந்தது, வின்கிரிஸ்டின் அல்லது சைக்ளோஃபாஸ்ஃபமைடு போட்ட நாய்களில் அதே மாத்திரையைச் சோதித்தது. சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இது முரண்பாடு இல்லை. கீமோ மருந்து மாறினால் கேள்வியே மாறிவிடுகிறது. வின்கிரிஸ்டின் குடலின் அசைவையே மந்தமாக்கும். மரோபிடன்ட் வாந்திக்கான சிக்னலைத்தான் தடுக்கும். எரர் மெசேஜை அணைத்துவிட்டால் பக் சரியாகிவிடாது இல்லையா? ஒரே சீட்டு, ஒரே மாத்திரை என்ற பழக்கத்துக்கு எதிராக இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

இரண்டுமே ஒழுங்கான ஆய்வுகள். ஆனால் இரண்டும் கேட்டது வயிற்றைப் பற்றி. நாங்களும் அதையேதான் செய்தோம். டாக்ஸோரூபிசின் போட்ட பிறகு தினமும் வாந்தியை எண்ணி நோட்டில் எழுதினோம். எட்டாம் நாள் வாந்தி பூஜ்யம். நாய் மட்டும் மூலையில் சுருண்டு கிடந்தது. வெயில்னு நினைச்சோம். சாயங்காலம் தெர்மாமீட்டர் வைத்தால் 104 டிகிரி. ரத்தத்தில் நியூட்ரோஃபில் 500க்கும் கீழே. இரண்டு நாள் ட்ரிப், ஆன்டிபயாடிக். பிழைத்துவிட்டது.

அந்த மருந்துக்குப் பின் ஏழு முதல் பத்து நாளுக்குள் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும் என்பது பாடப்புத்தக விஷயம். அதுதான் சீட்டில் இல்லை.

சீட்டை நான் எழுதினால் மருந்துவாரியாக ஒரு காலண்டர் போடுவேன். சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்றால் தண்ணீர் நிறைய வைத்து, அடிக்கடி சிறுநீர் கழிக்கக் கூட்டிப்போங்கள். ரத்தம் கலந்து வந்தால் உடனே சொல்லுங்கள். கோலி இன நாய் என்றால் வின்கிரிஸ்டினுக்கு முன்பே எம்டிஆர்1 மரபணுச் சோதனை கேளுங்கள். டாக்ஸோரூபிசின் என்றால் ஏழாம் நாளிலிருந்து காலை, மாலை காய்ச்சல் பாருங்கள். 103ஐத் தாண்டினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலையும் கொடுக்காதீர்கள்.

ஒரு தெர்மாமீட்டர் போதும். வாங்கி வையுங்கள் என்று ஒரு வரி இருந்திருக்கலாம்.