துணியும் துணிவும்

ஆடி அமாவாசைக்குச் சேர்மன் சாமி கோவிலுக்கு வரும் ஜனக்கூட்டம் ஏரல் கடைத்தெருவுக்குள் நுழைந்துவிட்டால், ஜவுளிக்கடைகளில் நிற்க இடம் இராது. ஒரு வருஷம் அந்த நெரிசலில் நானும் நின்றுகொண்டிருந்தேன். கடைப் பையன் ஒரு பெண்ணின் முன்னால் ஷிபான் சேலை ஒன்றை உதறி விரித்து, "உடுத்துனா ராணி மாதிரி இருக்கும்க்கா" என்றான். விற்பதற்காகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அவன் அறியாமலே சரித்திரத்தைச் சொல்லிவிட்டான்.

ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி, சாந்தா ராமராவுடன் சேர்ந்து எழுதிய வாழ்க்கை நினைவுகள் 1976-ல் வெளியாயின. அந்தப் புத்தகத்தில் என் மனசைக் கவர்ந்தவர் ஆசிரியை அல்ல. அவருடைய தாயார் இந்திரா தேவி. பரோடா மன்னரின் மகள். குவாலியர் மகாராஜாவுடன் நிச்சயமாகியிருந்த சம்பந்தத்தைத் தாமே கடிதம் எழுதி முறித்தவர். 1913-ல் லண்டனில் கூச் பிஹார் இளவரசரை மணந்தார். 1922-ல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது முப்பது, குழந்தைகள் ஐந்து.

ஷிபானைப் புடவையாக உடுத்தத் தொடங்கியவர் தம் தாயார்தான் என்கிறார் மகள். பட்டைவிடக் குளிர்ச்சி, மெல்லிய பருத்தியைவிடச் சபைக்கு ஏற்றது என்பது காரணமாம். புடவைக்கேற்ற அகலத்தில் பாரிஸிலிருந்து துணி வரவழைத்தாராம்.

மகள் இதை ரஸனையின் வெற்றியாக மட்டுமே காண்கிறார். புத்தகத்தின் குறை என்று நான் நினைப்பது இதைத்தான். அன்பு நிறைந்த பேனா வியக்கிற இடத்திலேயே நின்றுவிடுகிறது. நம் வழக்கத்தில் கைம்பெண் என்பவள் கண்ணில் படாமல் இருக்க வேண்டியவள். அந்த நிலையில் ஒருத்தி ஊர் உலகம் திரும்பிப் பார்க்கும்படி உடுத்தினாள் என்றால், அது வெறும் ரஸனையா? பின்னால் சமஸ்தானத்துச் செல்வம் இருந்தது, வாஸ்தவம். ஆனால் செல்வம் இருந்த எத்தனை வீடுகளில் பெண்கள் மூலையில் உட்கார்ந்தே காலத்தைக் கழித்தார்கள்!

அந்தத் துணி தெருவுக்கு இறங்கி வந்த வழி நமக்குத் தெரியும். மகள் அதையே உடுத்தி, முத்துச் சரம் அணிந்து, புகைப்படங்களில் பிரசித்தமானார். பிறகு சினிமா பிடித்துக்கொண்டது; 1989-ல் வந்த 'சாந்தினி'யில் நம் ஸ்ரீதேவி உடுத்திய ஷிபான் பெரிய மோஸ்தராகிவிட்டது. ராணி உடுத்தியது பட்டு இழை. கடைத்தெருவுக்கு வந்ததோ சூரத் ஆலைகளின் செயற்கை இழை. குளிர்ச்சிக்காக அவர் தேர்ந்ததை நம் பெண்கள் வேர்க்க வேர்க்க உடுத்துகிறார்கள். முத்தின் கதையும் இதுதான். ஏரலுக்குப் பக்கத்திலேயே கொற்கை. இந்தக் கடலின் முத்து அரண்மனைகளுக்குப் போன காலம் உண்டு. தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு இல்லை. இன்று வளையல் கடையில் தொங்குவது பிளாஸ்டிக் முத்து.

இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. கஞ்சி போட வேண்டாம், இஸ்திரி வேண்டாம், கொடியில் போட்டால் ஒரு நாழிகையில் காய்ந்துவிடும். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இது சின்ன விஷயமல்ல. ராணிக்குத் தேவைப்படாத சௌகரியத்தைத் தெரு தானே கண்டுபிடித்துக்கொண்டது.

எனக்கு உறுத்துவது வேறு. எங்கள் சித்தி இருபத்தாறு வயதில் தாலியறுத்தவள். வெள்ளைச் சேலையைத் தவிர அவள் உடம்பில் நான் வேறொன்றைக் கண்டதில்லை. முதல் சம்பளத்தில் அவளுக்குச் சந்தன நிறத்தில் ஒரு ஷிபான் எடுத்துக்கொண்டு போனேன். விரலால் தடவிப் பார்த்தாள். "எனக்கு எதுக்குல இது? ஊரு என்ன சொல்லும்?" என்று பெட்டிக்குள் வைத்துவிட்டாள். அவள் காலமான பிறகு பெட்டியைத் திறந்தோம். பாச்சை உருண்டைகளுக்கு நடுவே, மடிப்புக் கலையாமல் அது அப்படியே இருந்தது.

ஒரு விதவை தொடங்கி வைத்த மோஸ்தர், எங்கள் தெருவில் எல்லோருக்கும் வந்தது. ஒரு விதவைக்கு மட்டும் வரவில்லை. துணி வந்தது, துணிவு வரவில்லை. அதற்குச் சித்தியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. "உடுத்துங்க சித்தி" என்று இரண்டாவது தடவை நான் சொல்லவில்லை. அவள் பயந்த அந்த ஊரில் நானும் ஒருவன்தானே?