போனஸ் பணத்தில் பிளேஸ்டேஷனா, கேமிங் கம்ப்யூட்டருக்குச் சேமிப்பா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று வேலூரைச் சுற்றிய தோல் ஊர்களில் வீட்டுக்குப் பெரிய செலவு எதுவானாலும் ‘போனஸ் வரட்டும், பார்க்கலாம்’ என்ற பேச்சில்தான் போய் நிற்கும். வண்டி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் வரிசையில் இப்போது பிள்ளைகள் கேட்கும் ஒன்றும் சேர்ந்திருக்கிறது: டிவியில் மாட்டி விளையாட ஒரு கேம் கன்சோல். கூடவே அதற்கு எதிரான யோசனையும் வரும். ‘இவ்வளவு பணம் போட்டு விளையாட்டுச் சாமான் எதற்கு? இன்னும் கொஞ்சம் சேர்த்தால் நல்ல கேமிங் கம்ப்யூட்டரே வாங்கலாம், படிப்புக்கும் ஆகும்.’ கேட்க நியாயமாகத் தெரிகிற இந்த யோசனை, கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலான வீடுகளுக்குச் சரிவராது. விளையாடுவதுதான் நோக்கம் என்றால் டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5-ஐ வாங்குவதே இந்தப் பகுதிக்குப் பொருந்தும் முடிவு. அதற்கான காரணங்களையும், எதிர்ப்பக்கத்தில் நியாயம் இருக்கும் இடங்களையும் பார்ப்போம்.

முதலில் பணம். 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்த ஸ்லிம் மாடலுக்கு டிஸ்க் டிரைவோடு 54,990 ரூபாய், டிரைவ் இல்லாத டிஜிட்டல் மாடலுக்கு 44,990 ரூபாய் என்று சோனி விலை வைத்தது. அதே தரத்தில் கேம் ஓட வேண்டும் என்றால் கம்ப்யூட்டரில் ஆர்டிஎக்ஸ் 4060 வகையில் ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அந்த ஒரு கார்டுக்கே ஏறத்தாழ 30,000 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். பிராசசர், மதர்போர்டு, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேபினெட், மானிட்டர், யுபிஎஸ் எல்லாம் சேர்த்தால் ஒரு லட்சத்தை நெருங்கிவிடும். மாதம் 3,000 ரூபாய் ஒதுக்கும் வீட்டுக்குக் கன்சோல் வாங்க ஒன்றரை வருடம் போதும். கம்ப்யூட்டருக்கு இரண்டே முக்கால் வருடம் ஆகும். போனஸ் அந்தக் காலத்தைச் சற்றுக் குறைக்கும். ஆனால் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம்தான், அதாவது வருடச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஆக, கையிருப்போடு போனஸைச் சேர்த்தால் கன்சோல் எட்டிவிடும். கம்ப்யூட்டருக்கு அடுத்த வருட போனஸையும் அதற்கடுத்ததையும் எதிர்பார்த்து உட்கார வேண்டும்.

அப்படிக் காத்திருக்கும்போது விலையும் நமக்காகக் காத்திருந்தால் பரவாயில்லை. 2020, 2021-ல் கிரிப்டோ மோகமும் சிப் தட்டுப்பாடும் கிராபிக்ஸ் கார்டு விலையைக் கண்டபடி ஏற்றின. அது இறங்கிச் சில வருடம்தான் ஆகியிருந்தது, 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டதால் ரேம் விலை எகிறியது. மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் குரூஷியல் என்ற பெயரில் கடைகளுக்கு ரேம் விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. கன்சோலுக்கும் விலை ஏறாமல் இல்லை. 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்த டிஸ்க் மாடல் 2022 கடைசியில் 54,990 ஆனது. ஆனால் அது ஒரே பொருள், ஏறினாலும் ஒரு தடவைதான் அடிபடுவோம். கம்ப்யூட்டர் பல உதிரிகளின் கூட்டு. ஒன்றின் விலை இறங்கும்போது இன்னொன்று ஏறி நிற்கும். இந்தப் பக்கத்து வருமானமும் அப்படி நிலையானது அல்ல. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது 50 சதவீத வரி போட்டபோது, ஏற்றுமதி ஆர்டரை நம்பியிருக்கும் ஷூ கம்பெனிகளில் ஓவர்டைம் கிடைக்குமா, வேலை நாள் குறையுமா என்ற கவலைதான் பேச்சாக இருந்தது. மூன்று வருடச் சேமிப்புத் திட்டம் இப்படி ஒரு சீசனில் அவசரச் செலவுக்குக் கரைவது சுலபம்.

சரி, விலை குறைவான மெஷினில் விளையாட்டும் மட்டமாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். ஷூ தயாரிப்பு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க லாஸ்ட் ஒன்று போதும். காலின் வடிவத்தில் செய்த அந்த அச்சின் மேல்தான் ஷூவின் மேல்பாகமான அப்பரை இழுத்துப் பொருத்தி, அடியில் சோல் ஒட்டுகிறார்கள். ஒரு மாடலுக்கு லாஸ்ட் முடிவாகிவிட்டால் கட்டிங் செய்பவர், தையல் போடுபவர், லாஸ்டிங் மெஷினில் நிற்பவர் எல்லாருக்கும் அளவு ஒன்றே. எங்கே எத்தனை மில்லிமீட்டர் விட வேண்டும், எங்கே தோலைச் சீவிச் சன்னமாக்க வேண்டும் என்பதை ஒருமுறை சரிசெய்துகொண்டால் ஆயிரக்கணக்கான ஜோடிகள் அதே நேர்த்தியில் வரும். கன்சோல் அப்படி ஒரு லாஸ்ட். 2020-ல் முடிவான அதே பிராசசர், அதே 16 ஜிபி மெமரி, அதே வேகத்தில் படிக்கும் எஸ்எஸ்டி கோடிக்கணக்கான வீடுகளில் இருக்கிறது என்பதால், கேம் செய்பவர்கள் அந்த அளவுக்கே இழைத்து இழைத்துத் தைக்கிறார்கள். கம்ப்யூட்டர் உலகத்தில் ஒவ்வொரு வீட்டுக் காலும் ஒவ்வொரு அளவு. கேம் வெளியான முதல் வாரத்தில் படம் திக்கித் திக்கி ஓடுவது, கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிப்பது, எந்த செட்டிங்கை எவ்வளவு குறைப்பது என்று வீடியோ தேடுவது எல்லாம் அதன் விளைவு. இதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இதுவே ஒரு விளையாட்டு, மறுக்கவில்லை. ஷிப்ட் முடித்து வந்து ராத்திரி ஒரு மணி நேரம் விளையாட நினைப்பவருக்கு அது வீண் வேலை.

அடுத்தது டிஸ்க். நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். புது கேம் ஒன்று 5,000 ரூபாய் வரை போகிறது, கம்ப்யூட்டரில் ஸ்டீம் தளத்தில் தள்ளுபடியில் சில நூறுக்கே கிடைக்கிறது என்பது கன்சோலுக்கு எதிரான வலுவான வாதம். எபிக் கடை 2018-லிருந்து இலவசமாகவும் கேம்கள் தருகிறது. இரண்டும் உண்மை. ஆனால் டிஸ்க் நம் கையில் இருக்கும் பொருள். முடித்ததும் விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பக்கத்துத் தெரு நண்பருக்குக் கொடுத்து அவரிடம் இருப்பதை வாங்கலாம். ஸ்டீமில் வாங்கியதை அப்படி விற்க முடியாது. டிஜிட்டல் மாடலுக்கும் டிஸ்க் மாடலுக்கும் அறிமுக விலையில் இருந்த 10,000 ரூபாய் வித்தியாசத்தை இந்தக் கணக்கில் பாருங்கள். 5,000 ரூபாய் டிஸ்க்கைப் பாதி விலைக்குத் தள்ளினாலும் நாலு டிஸ்க்கில் அந்தப் பணம் திரும்பிவிடும். இன்னொரு லாபமும் உண்டு. பெரிய கேம்கள் இன்று 100 ஜிபியைத் தொடுகின்றன. பிராட்பேண்ட் இல்லாமல் கைபேசி ஹாட்ஸ்பாட்டை நம்பும் வீட்டில், ஒரு நாளைக்கு 2 ஜிபி பிளானில் அதை இறக்க 50 நாள் ஆகும். டிஸ்க்கில் பெரும்பகுதி ஏறிவிடுகிறது. பிறகு வரும் அப்டேட்டுக்கு மட்டும் டேட்டா செலவாகும். இதனால்தான் விலை குறைவு என்று எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-ஐ நான் பரிந்துரைக்கவில்லை. அதில் டிஸ்க் டிரைவே கிடையாது. 512 ஜிபி என்று எழுதியிருந்தாலும் பயன்படுத்தக் கிடைப்பது 364 ஜிபி, மூன்று பெரிய கேமோடு நிரம்பிவிடும்.

பெற்றோர்கள் சொல்லும் படிப்பு வாதத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2011-ல் மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. பின்னர் 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அது மீண்டும் அறிவிக்கப்பட்டது. இந்த முறை தரப்படும் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. கோடிங் பழகவும் பிராஜெக்ட் எழுதவும் ஆன்லைன் வகுப்புக்கும் இது தாராளம். அது வந்து சேர்ந்த வீட்டில், படிப்பின் பெயரில் 30,000 ரூபாய் கிராபிக்ஸ் கார்டு வாங்குவதற்குக் காரணம் இல்லை. லேப்டாப் கிடைக்காத வீட்டில் முதல் செலவு சாதாரண லேப்டாப்பாக இருக்கட்டும், கன்சோலும் வேண்டாம், கேமிங் கம்ப்யூட்டரும் வேண்டாம்.

ஆனால் இந்த ஊர்களுக்கே உரிய ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஷூ டிசைன் இன்று காகிதப் பேட்டர்னில் மட்டும் நடப்பதில்லை. ஷூமாஸ்டர் போன்ற மென்பொருளில் லாஸ்டையே திரையில் கொண்டுவந்து, அதன்மேல் கோடு வரைந்து, பேட்டர்னைத் தட்டையாக விரித்து, எல்லா சைஸுக்கும் கிரேடிங் செய்கிறார்கள். சென்னை கிண்டியில் உள்ள மத்திய காலணிப் பயிற்சி நிலையத்தில் இந்தத் துறைக்கென்றே படிப்புகள் இருக்கின்றன. அந்த வழியில் போகத் தீர்மானித்துவிட்ட பிள்ளைக்கு, முப்பரிமாணத்தில் வேலை செய்ய நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் தொழில் கருவி. தையல்காரருக்குத் தையல் மெஷின் போல. அதற்குச் சேமியுங்கள், கடன் வாங்கினாலும் தவறில்லை. வேலை முடிந்த பிறகு அதிலேயே கேமும் ஆடலாம். அனிமேஷன், வீடியோ எடிட்டிங் படிப்பவர்களுக்கும் இதே பதில். ‘எதற்காவது பிற்பாடு பயன்படும்’ என்று வாங்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன். பெரும்பாலும் அந்தப் பிற்பாடு வருவதற்குள் கார்டு பழசாகிவிடும். இன்னொரு கூட்டத்துக்கும் என் வாதம் பொருந்தாது. கவுண்டர் ஸ்டிரைக் 2, டோட்டா 2 ஆடுகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரே கதி, அவை பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் வரவில்லை.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் வேலூர்ப் பக்கத்துக்கு எந்த மெஷினையும் பரிந்துரைக்க முடியாது. பிளேஸ்டேஷன் 5 வேலை செய்யும் அறை வெப்பம் 5 முதல் 35 டிகிரி வரை என்று அதன் கையேடே சொல்கிறது. கத்திரி வெயிலில் இங்கே வெளியே 40-ஐத் தாண்டும். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் மத்தியானம் 35 என்பது கனவு. இந்த ஒரு விஷயத்தில் கம்ப்யூட்டர் ஒரு படி மேல். கேபினெட்டில் கூடுதல் ஃபேன் மாட்டலாம், பிளோயரால் ஊதலாம், சிப்பின் மேல் பூசும் பேஸ்டை மாற்றலாம். கன்சோலில் நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வெள்ளை மூடியைத் திருப்புளி இல்லாமல் கையாலேயே கழற்றினால் ஃபேனும், தூசி வந்து தங்குவதற்கென்று விட்ட துளைகளும் தெரியும். மாதம் ஒருமுறை வேக்குவம் கிளீனரால் அங்கே உறிஞ்சி எடுக்கலாம். அதற்கு மேல் உள்ளே போகக் கூடாது. சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே பேஸ்டுக்குப் பதில் திரவ உலோகம் இருக்கிறது, பழக்கமில்லாத கை பட்டால் போர்டே போய்விடும். ஆகவே டிவி ஷோகேஸின் கண்ணாடிக் கதவுக்குள் வைத்துப் பூட்டாதீர்கள், பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் காலையிலோ ராத்திரியிலோ மட்டும் ஆடுங்கள். கரண்ட் பில் இரண்டுக்கும் பெரிதாக வேறுபடாது. தினம் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில் கணக்கில் 200 வாட் இழுக்கும் கன்சோலுக்கு 24 யூனிட், 300 வாட் இழுக்கும் கம்ப்யூட்டருக்கு 36 யூனிட்.

‘இது 2020 மாடல், அடுத்தது வந்துவிடாதா?’ வரும். பிளேஸ்டேஷன் 3 2006-ல், 4 2013-ல், 5 2020-ல் என்று ஏழு வருடத்துக்கு ஒன்றாக வந்திருக்கின்றன. ஆனால் புதியது வந்த அன்றே பழையது செத்துவிடவில்லை. 2022 நவம்பரில் வந்த காட் ஆஃப் வார் ரக்னராக், ஒன்பது வயதான பிளேஸ்டேஷன் 4-லும் ஓடியது. இன்று பிள்ளைகள் காத்துக்கிடக்கும் ஜிடிஏ 6-ஐ 2026 நவம்பர் 19 என்று தேதி குறித்து அறிவித்தபோது அதைச் செய்யும் ராக்ஸ்டார் நிறுவனம் சொன்னதும் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டுக்கும்தான். கம்ப்யூட்டருக்குத் தேதி சொல்லவில்லை.

வாங்குபவர்களுக்குச் சில வார்த்தைகள். காசு கொடுத்து வாங்கிய கேமை நண்பர்களோடு ஆன்லைனில் ஆட வருடச் சந்தா சில ஆயிரம் ஆகும்; தனியாகவோ வீட்டில் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்தோ ஆட அது தேவையில்லை. பெட்டியில் ஒரு கன்ட்ரோலர்தான் வரும், அண்ணன் தம்பி இருக்கும் வீட்டில் இரண்டாவதற்கும் பணம் ஒதுக்கிவையுங்கள். வட்டியில்லாத இஎம்ஐ என்றால் பிராசசிங் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் டிஜிட்டல் எடிஷன் என்று எழுதியிருக்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லி வாங்குங்கள். வாரண்டி ஒரு வருடம், அந்தப் பில் தேதியிலிருந்து.