கணிப்பொறிப் பெட்டிக்குச் சாளரம் வேண்டாமா?

தக்கலைக்கு அருகே, வேளிமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள பத்மநாபபுரம் அரண்மனையை உங்களில் பலர் பார்த்திருக்கலாம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய ஊர் அது. 1956-இல் அப்பகுதி தமிழ்நாட்டுடன் இணைந்த பின்னரும், அரண்மனையைக் கேரள அரசே பராமரித்து வருகிறது. சித்திரை வெயிலில் முற்றத்தைக் கடந்து, மேல்தளத்திலுள்ள மந்திரசாலைக்குள் நுழைந்தவுடன் உடல் குளிர்வதை உணரலாம். குளிர்பதனக் கருவிகள் தோன்றாத காலத்தில் கட்டப்பட்ட கூடம் அது!

அதன் சாளரங்களைச் சற்று உற்று நோக்குங்கள். மரச் சட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சாய்த்து அடுக்கப்பட்டுள்ளன. மேலிருந்து வரும் வெயிலும் மழைச் சாரலும் சட்டத்தில் பட்டுத் தடைப்படுகின்றன. காற்று மட்டும் இடுக்குகளின் வழியே உள்ளே வருகிறது. சுவரைத் தாண்டி நீளும் ஓட்டுக் கூரை நிழல் தருகிறது. அச்சாளரங்களின் அழகு பின்னர் ஒட்டவைத்த அலங்காரம் அன்று; அவை செய்யும் வேலையிலிருந்தே பிறந்தது.

இதற்கும் கணிப்பொறிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். மேசைக் கணிப்பொறியின் பெட்டியும், வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய ஒரு கட்டடமே. நம் ஊர்களில் அப்பெட்டியையே ‘சி.பி.யு.’ என்று அழைக்கிறோம். உண்மையில் சி.பி.யு. என்பது உள்ளே இருக்கும் சிறியதொரு சில்லுதான். கூட்டையே உயிர் என்று எண்ணிவிட்டதால்தானோ என்னவோ, கூடு தன் கடமையைச் செய்கிறதா என்று நாம் கேட்பதில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணிப்பொறி 200 வாட் மின்திறனை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ அவ்வளவும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. உள்ளே செல்லும் காற்று 10 டிகிரி மட்டும் சூடேறி வெளியே வரவேண்டுமானால், நிமிடத்திற்குச் சுமார் 1 கன மீட்டர், அதாவது 1000 லிட்டர் காற்று பெட்டிக்குள் புகுந்து வெளியேற வேண்டும். பாதிக் காற்றுதான் கிடைக்கிறது என்றால், சூடு 20 டிகிரி ஏறும். அறையே 34 டிகிரியில் இருக்கும் நம் கோடைக்காலத்தில் இது சிறிய வேறுபாடன்று. பெட்டியிலுள்ள மின்பகு மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்கள் கையாளும் விதி.

சூடான காற்று தானே மேலெழும், விசிறி எதற்கு என்று சிலர் நினைக்கலாம். உயர்ந்த கூடத்திற்கும் பெரிய சாளரங்களுக்கும் அது பொருந்தும். 40 சென்டிமீட்டர் உயரமுள்ள பெட்டியில், 10 டிகிரி வேறுபாட்டால் எழும் அழுத்தம் 0.15 பாஸ்கல் அளவே. சாதாரண விசிறியோ 10 பாஸ்கலுக்கு மேல் அழுத்தம் தரவல்லது. ஆகவே விசிறி வேண்டும். விசிறிக்கு எதிரே திறந்த வழியும் வேண்டும்.

அந்த வழியைத்தான் இன்றைய அலங்காரப் பெட்டிகள் பல அடைத்துவிடுகின்றன. முன்புறம் முழுவதும் கண்ணாடி. அதன் பின்னே வண்ண விளக்குகளோடு சுழலும் மூன்று விசிறிகள். அவை காற்றை இழுப்பதோ பக்கவாட்டிலுள்ள விரல் அகல இடுக்கின் வழியாக! சாளரத்தைச் சுவராக்கிவிட்டு உள்ளே விசிறி மாட்டுவதை ஒத்தது இது. மின்காந்தக் கதிர்வீச்சு வெளியே கசியாமல் தடுப்பதும் பெட்டியின் கடமை. அதற்கும் சாதாரணக் கண்ணாடி உதவாது. சிறு துளைகளுள்ள எஃகுத் தகடு இரண்டு வேலைகளையும் செய்யும். 3 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 10 சென்டிமீட்டர். இரண்டு மூன்று மில்லிமீட்டர்த் துளைகளின் வழியே அது எளிதில் நுழையாது, காற்று நுழையும்.

பெரிய நிறுவனங்களும் இப்பாடத்தைக் கற்க நேர்ந்தது. ஆப்பிள் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட மேக் புரோ கணிப்பொறி, பளபளக்கும் கரிய உருளை வடிவில் பலரையும் கவர்ந்தது. ஆனால் வலிமை மிக்க புதிய சில்லுகளின் வெப்பத்தை அவ்வடிவம் தாங்காது என்பதை 2017-இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2019-இல் வந்த அடுத்த மேக் புரோவின் முகப்பு முழுவதும் துளைகள்! காற்றுக்கு வழிவிட்ட அத்துளைகளே அதன் அழகாகவும் அமைந்தன.

துளை வைத்தால் தூசி நுழையுமே என்ற கவலை நியாயமானதே. இரு பருவமழைகளும் பெய்யும் நாஞ்சில் நாட்டில் ஈரமும், எறும்பும், பல்லியும் அதனுடன் சேரும். அதற்கு மருந்து, கழற்றிக் கழுவக்கூடிய மென்வலை. கண்ணாடிச் சுவர் அன்று. நம் அலுவலகங்களில் பெட்டியை மேசையின் மூடிய அறைக்குள் தள்ளிவிடுவதும், தூசிக்கு அஞ்சித் துணி உறையோடே இயக்குவதும் வழக்கமாக உள்ளன. குளிரூட்டிய அறையை மனத்தில் கொண்டு பெட்டியை வடிவமைப்பவர்களையும், அதற்கு மேலும் மூச்சை அடைக்கும் நம்மையும் சேர்த்தே குறைகூற வேண்டும்.

உங்கள் வீட்டிற்கோ, ஊர்ப் பள்ளிக்கோ கணிப்பொறி வாங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். முன்புறத்தில் காற்று நுழையப் போதிய துளைகள் உள்ளனவா? வலையைத் திருப்புளி இன்றிக் கழற்றிக் கழுவ முடியுமா? சூடான காற்று வெளியேறும் பின்புறத்திற்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடம் விட முடியுமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைத்தால், வண்ண விளக்கு இல்லாவிட்டாலும் அதுவே நல்ல பெட்டி. அக்கருவி எத்தனை மாணவர்களுக்கு, எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பது பெரும்பாலும் அந்த விடைகளைப் பொறுத்ததே.