மர்மக் கதையும் மறைத்தல் என்னும் மயக்கமும்

மர்மக் கதை எழுதப் புகும் இளைஞர் பலர், கொலையாளியை இறுதிப் பக்கம்வரை ஒளித்து வைத்தலே தம் தொழிலெனக் கருதுகின்றனர். இம்மயக்கம் நேற்றுத் தோன்றியதன்று. ஆரணி குப்புசாமி முதலியாரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த வழி அது. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்தியதும் துப்புத் துலங்கிவிடுகிறது. அத்தேயிலைக் கொழுந்தைக் கிள்ளியவர் எம்மவராகவும் இருக்கலாம் என்பதில் மகிழ்ச்சியே. ஆயினும் அத்துப்பு எங்கிருந்து வந்தது என வினவும் வாசகனின் உரிமையும் அத்தேநீரிலேயே கரைந்துவிடுகிறது. தேவன் 1940களில் படைத்த சாம்பு, தற்செயலாகவே வென்று, இத்தகைய மேதைமையை முன்னரே நகையாடிவிட்டான்.

மறைக்காமலே நெஞ்சைப் பதைக்கவைக்கும் கதை தமிழில் உண்டு. சிலப்பதிகாரத்தில் கள்வன் யாரென்பது நமக்குத் தொடக்கத்திலேயே தெரியும். அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லனே கோவலனைக் காட்டிக் கொடுக்கிறான். கொலைக்களத்தில் காவலர், இவன் கள்வனல்லன் போலும் என ஐயுறுகின்றனர். அவ்வொரு கணம் நாமும் மூச்சடக்கி நிற்கிறோம். பொற்கொல்லன் களவு நூல் பேசி அவ்வையத்தைக் கலைக்கிறான், வாள் வீழ்கிறது. முத்தா மாணிக்கமா என்னும் தடயமோ கோவலன் மடிந்த பின்னரே மன்றேறுகிறது. சிலம்பை அன்றே உடைத்துப் பார்த்திருக்கலாமே என்ற ஆற்றாமைதான் இக்கதையின் விறுவிறுப்பு. உண்மையை அறிந்தவன் வாசகன். விசாரிக்க வேண்டியவனோ விசாரித்திலன்.

நான் படித்த மலையகப் புனைகதைகளுள் துப்பறிவாளனைக் காணவில்லை. விசாரணையில் நம்பிக்கை கொண்ட சமூகத்திலேயே அவன் பிறப்பான் போலும். ஒரு காம்பராவின் பேச்சு மறு காம்பராவிற்குக் கேட்கும் லயத்தில் எதனைத்தான் ஒளிப்பது? அங்கு எல்லார்க்கும் தெரியும்; எவரும் சொல்லார். மாவனல்லைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எழுத வருபவர் இம்மௌனத்தையன்றோ கைக்கொள்ளல் வேண்டும்?

தடயத்திற்கும் எம்மிடம் குறைவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இங்குப் பிறந்தவரிடமே, தந்தை அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. குற்றம் இழைக்காதவர் தம் பிறப்பைத் தாமே துப்பறிய நேர்ந்த விந்தை அது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கிற்று. அதற்கு முந்திய ஐம்பத்தைந்து ஆண்டுகள் எழுதப்படாமற் கிடக்கின்றன. இக்கதைக்குப் பிணம் வேண்டியதில்லை. தோட்டத்துப் பதிவேட்டில் பெயரின் எழுத்தொன்று மாறியிருந்தாற் போதும், முதல் அத்தியாயம் தொடங்கிவிடும்.