கன்டோரெக் வாத்தியார்

எரிக் மரியா ரெமார்க்கின் ‘மேற்கு முனையில் புதிதாக எதுவுமில்லை’ (1929) நாவலை நான் வாசித்தது மகளின் ஜேர்மன் பாடநூலாகத்தான். 1933இல் நாசிகள் எரித்த நூல், வகுப்பறையில் பரீட்சைக்குரியதாகியிருந்தது. நாயகன் பவுலின் குணவியல்பைக் கேட்டிருந்தார்கள். கன்டோரெக் வாத்தியாரைப் பற்றி ஒரு கேள்வியுமில்லை. பேசிப்பேசியே மாணவர்களைப் படைக்கு அனுப்பியவர் அவர். தயங்கிய பேம், முதலில் செத்தவர்களில் ஒருவன். பிற்பாடு கன்டோரெக்கும் படைக்கு இழுக்கப்படுகிறார். பழைய மாணவனொருவனே அவருக்கு அணிநடை பழக்குகிறான். பழிதீர்க்கும் சுகத்துக்கு ரெமார்க் இங்கே இடங்கொடுத்துவிட்டார் என்பது என் குறை. எங்கள் வகுப்பிலும் ஒருவர் அப்படித்தான் பேசினார். 1984இல் பின்வாங்கு வெறுமையாயிற்று. அவரை எவரும் மைதானத்தில் நிறுத்தவில்லை. கேள்வி கேட்பவர் வாத்தியாராக இருக்கும்வரை கன்டோரெக் தப்பிவிடுகிறார். இதை மகளிடம் சொன்னேன்.

“அது சோதினைக்கு வராது, அப்பா.”