சாலும் சீசனும்

கொள்ளேகாலில் பெரியம்மா வீட்டில் இரவு ஏழரைக்கு மேல் யாரும் வாய் திறக்கக் கூடாது. கன்னடத் தொடர் முடிந்ததும் ரிமோட் தமிழுக்குத் தாவும். 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் அல்லவா, இரண்டு மொழியும் அங்கே ஒரே திண்ணைதான். போன முறை பார்த்தபோது திரையில் ஒரு மாமியாரின் முகத்தை மூன்று கோணத்தில், மூன்று இடிச் சத்தத்தோடு காட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். இடி ஓயவில்லை. "முன்ன நல்லாத்தான் இருந்துச்சு, கண்ணு" என்றார்.

ஒரு தொடர் இப்படிக் கெட்டுப்போனால், எழுதுகிறவருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்வது வழக்கம். அது உண்மையாகவும் இருக்கலாம். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடர் மூல நாவல்களைத் தாண்டி ஓட ஆரம்பித்த பிறகுதான் தடுமாறியது. ஆனால் நம் ஊர்த் தொடர்களில் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது: கதையை எப்போது முடிப்பது என்பது கதை சொல்கிறவர் கையில் இல்லை.

தூர்தர்ஷன் காலத்தில் பதின்மூன்று வாரக் கணக்கு ஒன்று உண்டு. 1984இல் வந்த 'ஹம் லோக்' 156 பகுதி, அதாவது பன்னிரண்டு பதின்மூன்று. மைசூர்க்காரரான ஆர். கே. நாராயணின் கதைகளை ஷங்கர் நாக் ஆகும்பேயில் படமாக்கிய 'மால்குடி டேஸ்' 39, மூன்று பதின்மூன்று. அதில் ஒவ்வொரு கதைக்கும் தனக்கென்று ஒரு வாசல் இருந்தது. ஷங்கர் நாக் 1990இல் மறைந்தார். 2006இல் கவிதா லங்கேஷ் இன்னும் 15 பகுதி எடுத்தார். குறை சொல்ல முடியாத வேலைதான். எனக்கென்னவோ வீடு அதேதான், குடியிருந்தவர் மட்டும் மாறிவிட்டார் என்று பட்டது.

சன் டிவியில் திருச்செல்வம் இயக்கிய 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1533 பகுதி ஓடியது. குடும்பத்தைச் சுமக்கும் மூத்த பெண்ணாகத்தான் அபி முதலில் வந்தாள். போகப்போக அவள் கதை வில்லன் ஆதியோடு நடத்தும் ஓயாத மல்லுக்கட்டாகிவிட்டது. வாரா வாரம் வியாழக்கிழமை டிஆர்பி வரும். அது நன்றாக இருக்கும்வரை சேனல் அந்த நேரத்தை விடாது. அன்றைக்கு எடுக்கும் காட்சிக்கான தாளே காலையில்தான் செட்டுக்கு வருகிறது என்றால், திட்டமிட்ட முடிவுக்கு எங்கே போவது? 2022இல் 'எதிர்நீச்சல்' தொடங்கியபோது திருச்செல்வம் மறுபடி நிமிர்ந்தார். 2023 செப்டம்பரில் அதில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து இறந்தார், அவர் இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர்தான். ஆனால் தொடரின் அச்சாணி அந்த ஒரு குரலாகவே ஆகியிருந்தது. அந்த இடத்திலேயே கதையை மடித்து வைத்திருக்கலாம்.

நீளம் குற்றமில்லை என்பதற்குக் கொள்ளேகால் பக்கத்திலேயே சாட்சி உண்டு. மலை மாதேஸ்வரர் காவியத்தைத் தேவரகுட்டர்கள் என்னும் பாடகர்கள் கம்சாளை என்னும் தாளம் தட்டி இரவிரவாகப் பாடுகிறார்கள். முழுவதும் பாட ஓரிரவு போதாது. ஆனால் அது சாலு சாலாகப் பிரிந்திருக்கிறது, நம் உழவுச் சால் மாதிரி. மனைவி சங்கம்மாவைச் சந்தேகித்து அடைத்துவிட்டுக் காட்டுக்குத் தேன் எடுக்கப் போகிறான் நீலேகௌடன். மாதேஸ்வரர் அவளைக் காத்துப் பிள்ளை வரமும் தருகிறார். அதோடு சங்கம்மா சாலு முடிந்தது, மாட்டைத் திருப்பலாம்.

அதே மாதேஸ்வரரை ஜீ கன்னடா தொடராக்கியபோது பெரியம்மா ஒரு நாள் விடாமல் பார்த்தார். ஆனாலும் சங்கம்மா கதை கேட்க வேண்டுமென்றால் மலைக்குத்தான் பஸ் ஏறுகிறார், முடிவு என்னவென்று மனப்பாடமாகத் தெரிந்திருந்தும்.