அலுவலேடும் அகவேடும்: வன்னியை முன்வைத்து ஒரு நோக்கு

அகத்திணைப் பாடல்களிலே தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படலாகாது என்பது தமிழிலக்கணம் வகுத்த வரம்பு. பெயர் வெளிப்பட்டவுடன் பாடல் புறமாகிவிடுகின்றது. நெடுநல்வாடையில் அரசனின் பெயர் இல்லை. ஆயினும் வேலில் அணிந்த வேப்பந்தழை பாண்டியனைக் காட்டிக்கொடுத்துவிட்டமையால் அதனைப் புறத்தின்பாற்படுத்தினார் நச்சினார்க்கினியர். ஆளை அறிவதற்குச் சிறியதோர் அடையாளமே போதும் என்ற இந்நுண்ணறிவு இலக்கண வகுப்புக்கு மாத்திரம் உரியதென ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. அலுவலகக் கோவையும் அந்தரங்கக் கடிதமும் ஒரே கணினியிற் கலந்து கிடக்கும் இக்காலத்திலே அதன் பெறுமதி வேறொரு தளத்தில் உணரப்படவேண்டியதாகும்.

வீடு வேறு, அலுவலகம் வேறு என்ற பிரிவு இயல்பாக அமைந்ததன்று. வன்னிக் கமக்காரனுக்கு அது இன்றும் முழுமையாக இல்லை. வயலும் வளவும் களமும் ஒரே வாழ்வின் பகுதிகள். சம்பள உத்தியோகமே இப்பிரிவைக் கொணர்ந்தது. அலுவலகத்தை அலுவலரின் இல்லத்திலிருந்தும், அரசின் உடைமையை அவரது சொந்த உடைமையிலிருந்தும் பிரித்தமையை நவீன பணியாட்சியின் முக்கிய இயல்பாக மக்ஸ் வேபர் கண்டார். இலங்கையில் இதன் எழுத்து வடிவம் கச்சேரியின் நாட்குறிப்பேடு ஆகும். தோமஸ் மெயிற்லண்ட் ஆளுநராயிருந்த காலத்தில், 1808 தொடக்கம், மாவட்ட நிருவாகிகள் நாட்குறிப்பு எழுதக் கடமைப்பட்டனர். நாட்குறிப்பு என்ற பெயர் இருப்பினும் அது மேலதிகாரியின் கண்ணுக்கென எழுதப்பட்டது. ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலும் இந்த அலுவலக மரபின் பேறே.

லெனாட் வூல்ஃப் என்ற ஆங்கில நிருவாகியின் எழுத்துக்கள் இப்பிரிவைத் தெளிவாகக் காட்டுகின்றன. 1905 இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வந்த அவர், 1906 இல் மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு அலுவலைக் கவனித்தார். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தார். அங்கு எழுதிய நாட்குறிப்புக்கள் அரசுக்கு. லிற்றன் ஸ்ட்ராச்சிக்கு எழுதிய கடிதங்கள் நண்பனுக்கு. 1913 இல் வெளிவந்த 'காட்டில் ஒரு கிராமம்' என்ற நாவல் உலகுக்கு. அலுவலேடு கணக்குரைத்தது, கடிதம் சலிப்பையும் தனிமையையும் சொன்னது, இரண்டிலும் இடம்பெற முடியாத ஏழைக் குடியானவனின் அச்சம் நாவலில் இடம்பிடித்தது.

வன்னிக்கு நெருங்கிய சான்று செங்கை ஆழியான். க. குணராசா என்ற இயற்பெயரிலே புவியியற் பாடநூல்கள் பலவற்றை எழுதியவர். நிருவாக சேவையில் இணைந்து வன்னியிலும் பதவி வகித்தவர். 2016 இல் மறையும்வரை புனைகதைகளைப் புனைபெயரிலே தந்தவர். 1977 இல் வீரகேசரி வெளியீடாக வந்த அவரது 'காட்டாறு', வன்னிக் கிராமத்து ஏழை விவசாயிகளை அலுவலரும் செல்வாக்குப் படைத்தோரும் சுரண்டும் முறையைச் சித்திரிப்பது. நிருவாகத்தின் உள்ளிருந்தே நிருவாகத்தை விமர்சித்த நாவல் என்பது அதன் தனிச்சிறப்பு.

இரு பெயர்களும் ஒருவரையே குறிப்பன என்பதை வாசகர் அறிவர். எனவே புனைபெயர் ஒளிந்துகொள்வதற்கான திரையன்று. எக்கடமையின் கீழ் ஒரு வாக்கியம் எழுதப்படுகின்றது என்பதை அறிவிக்கும் எல்லைக்கல் அது. பாடநூலின் வன்னி மண்ணும் மழைவீழ்ச்சியுமாக நிற்க, நாவலின் வன்னி மனிதரால் நிறைகின்றது. அலுவலகத்திற் கண்டது கதைக்குள் வருகின்றது. ஆனால் கோவையாக வருவதில்லை. தனியொரு முறைப்பாடாக எழுதப்பட்டிருப்பின் அது ஓர் அலுவலரின் இடமாற்றத்தோடு முடிந்திருக்கும். (இடமாற்றம்பெற்றவர் அடுத்த ஊரிலும் அதனையே செய்வார் என்பது வேறு கதை.) பெயர் நீங்கியமையால் ஓர் ஆளின் குற்றம் ஓர் அமைப்பின் குற்றமாக விரிந்தது. அலுவலுக்கும் அகத்துக்கும் இடையே தேவைப்படுவது வாயிலற்ற சுவர் அன்று, பெயரை உள்ளே விடாத வாயில் என்பதை இந்நாவல் உணர்த்துகின்றது.

இன்று கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஆசிரியர், கிராம அலுவலர், தொண்டு நிறுவன வெளிக்கள உத்தியோகத்தர் ஆகியோர் வீட்டில் வைத்திருக்கும் மடிக்கணினிக்கு அத்தகைய வாயில் பெரும்பாலும் இல்லை. பிள்ளையின் பாடங்கள், திருமணப் படங்கள், எழுதி முடியாத கவிதை ஆகியவற்றோடு வீட்டுத்திட்டப் பயனாளிகளின் பட்டியலும், பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் விபரமும், காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் அளித்த வாக்குமூலமும் அதிலே சேர்ந்து கிடக்கும். அலுவலகச் சுற்றறிக்கை இரவு பத்து மணிக்கு வைபரில் வருவது வேறு துன்பம்.

இத்துறையில் வழங்கப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் இருவரை மனத்திற்கொண்டவை: ஓய்வு வேண்டும் ஊழியர், உடைமை காக்க வேண்டும் நிறுவனம். பட்டியலிற் பெயருள்ள மூன்றாமவரை அவை பொருட்படுத்துவது அரிது. வன்னியிலோ அவரே முதன்மையானவர். பட்டியல்களால் உதவியும் வந்தது, ஆபத்தும் வந்தது என்பதை அறிந்த மக்கள் இவர்கள். 2008–2009 இடப்பெயர்வுகளின்போது பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் ஒரு பையிலிட்டுக் கையோடு சுமந்தவர்கள். அன்று தம் பெயரைத் தாமே காத்த அவர்களின் அடையாள அட்டை இலக்கம், இன்று அவர்கள் அறியாத ஒருவரின் கணினியில், யாரும் திறக்கக்கூடியதாகக் கிடப்பது நீதியாகாது. 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் நிறைவேற்றப்பட்டுள்ளது. சட்டப் புத்தகத்திலிருந்து வீட்டு மேசைவரை வரும் தூரம் நீண்டது.

விண்டோஸ் கணினியொன்றில் அலுவலுக்கு ஒரு பயனர் கணக்கும் வீட்டுக்கு வேறொன்றும் அமைப்பது எளிது. குணராசாவும் செங்கை ஆழியானும் போல. எனினும் நிருவாகி உரிமைபெற்ற கணக்கினால் மற்றைய கணக்கின் கோப்புக்களைத் திறக்க இயலும். வன்றட்டு மறைகுறியாக்கப்படாதிருப்பின், அதனைக் கழற்றி வேறு கணினியிற் பொருத்துபவர் கடவுச்சொல் இன்றியே அனைத்தையும் வாசித்துவிடுவார். திருத்தகத்துக்குச் செல்லும் கணினி இவ்வாறே செல்கின்றது. மறுபுறம், யாவற்றையும் ஒரே கணினியில் வைத்தவருக்கு அது பழுதானால் அலுவலும் போகும், கவிதையும் போகும். தனித்தனிப் பிரதிகள் இல்லாவிடின் மீட்பு இல்லை.

ஆய்வுக்கென இப்பட்டியல்களைப் பெறும் பல்கலைக்கழகத்தாரும் இவ்விமர்சனத்துக்கு விலக்கானவர் அல்லர். 2021 இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானபின் வன்னி ஆய்வுக்களமாவது மேலும் பெருகும். நேர்காணற் கோப்பிலிருந்து பெயரை அழித்ததுடன் கடமை முடிந்ததென ஆய்வாளர் எண்ணுகின்றனர். குளத்தின் பெயரும், இழந்த பிள்ளைகளின் தொகையும், கணவரின் தொழிலும் எஞ்சியிருப்பின், அச்சிறு கிராமத்திலே அப்பெண்ணை இனங்காண வேறொன்றும் வேண்டியதில்லை. நச்சினார்க்கினியருக்கு வேப்பந்தழை ஒன்றே போதியதாயிருந்தது.